பாரூர் வாய்க்காலில் இரண்டாவது முழுக்கு

இரட்சிக்கப்பட்ட ஒருவன் அந்த இரட்சிப்பை இழந்துபோக முடியுமா, முடியாதா? எண்பதுகளின் நடுவில் ஓசூரில் எங்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி உலகத்தில் இருக்கவில்லை. போனஸ், வீட்டு வாடகை, குடிதண்ணீர் எதுவும் இதன் பக்கத்தில் வராது. ஷிப்ட் பஸ்ஸில் இதைப் பேசினோம். கேன்டீன் வரிசையில் தட்டை ஏந்தி நின்றபடி பேசினோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் யாராவது ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டால் போதும், வீட்டில் சோறு ஆறிப்போகும். எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பேச்சின் சுகத்தை நினைத்தால் இந்த வயதிலும் உடம்பு சூடாகிறது. நான் செய்த பாவத்தை அந்த உற்சாகத்தில்தான் செய்தேன். யார்மீதும் எனக்குக் கோபம் இருந்ததாக நினைவில்லை. அதனாலேயே அதைப் பாவம் என்று கண்டுகொள்ள நாளாயிற்று.

எங்கள் சபை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நீளமான ஒரு ஹாலில் கூடியது. கீழே இரும்புக் குழாய்களை இறக்கும் சத்தம், மேலே பாட்டு. தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்கள்தான் பெரும்பாலும். திருநெல்வேலிக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், தங்கச் சுரங்கம் படுத்துப்போய் கோலாரிலிருந்து வந்த தமிழர்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருசிலர். ஒரு பாட்டு தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் ஒரு சரணம் போய், கன்னடத்தில் முடியும். ஹாலில் ஒரே ஒரு மின்விசிறி, முன்பக்கம். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் அப்பமும் கிண்ணமும். ஞாயிறுதோறும் அப்பம் பிட்போம். தட்டு கைமாறி வரிசை வரிசையாக வரும். ஒழுங்கு தவறியவரைச் சபையை நடத்தும் மூப்பர்கள் இந்தப் பந்தியிலிருந்து விலக்கி வைப்பார்கள். அவர் வரலாம், பாடலாம். ஆனால் கடைசி வரிசையில் தனியாக உட்கார வேண்டும். தட்டு அவருக்கு முந்தின வரிசையோடு திரும்பிவிடும்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அதிகாரி. லாரிகளுக்கான ஷாஃப்டுகளை அளந்து பார்த்து, தேறியதையும் தேறாததையும் பிரிப்பது என் வேலை. சென்னையில் பொறியியல் படித்தவன். சபையில் ஆங்கில விளக்கவுரைகளைப் படித்துவிட்டு வந்து பேசுகிறவன் நான் ஒருவன்தான். என் கட்சி, இரட்சிப்பை இழக்கவே முடியாது என்பது. மேய்ப்பன் தன் கைக்குள் வைத்திருக்கும் ஆட்டை யார் பறிப்பது? எதிர்க்கட்சிக்குத் தலைவர் வேறொரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த திருநெல்வேலிக்காரர். ஒருமுறை ருசித்துவிட்டு விலகிப்போனவர்களைப் பற்றிய எச்சரிப்பு வேதத்தில் சும்மாவா எழுதியிருக்கிறது என்பார். நாங்கள் இருவரும் எழுந்தால் ஹாலில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். “என்னவே, இன்னைக்கு எந்த வசனத்த ஒளிச்சு வச்சிட்டு வந்திருக்கீரு?” என்று படியிலேயே என்னைச் சீண்டுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையிலிருந்து அந்தச் சபைக்கு வந்தவர்கள் நானும் ஒரு டர்னரும் மட்டும். அவர் சாமல்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் யாருமே கிறிஸ்தவர்கள் இல்லை. லேத் மெஷினில் வேலை செய்துகொண்டே என்னிடம் கேள்வி கேட்டுக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர். ஓசூருக்கு வெளியே பெண்ணையாற்றில் அவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவருடைய வலது கையைப் பிடித்தவர் திருநெல்வேலிக்காரர், இடது கையைப் பிடித்தவன் நான். தண்ணீரிலிருந்து எழுந்ததும் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நாங்கள் இருவரும் அன்று முழுக்க எந்த விவாதமும் செய்யவில்லை.

ஆயுத பூஜை என்றால் எங்கள் மெஷின் ஷாப்பில் திருவிழாதான். மெஷினையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் மெஷினுக்குத் தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பார். பொரிகடலை கொடுப்பார்கள். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். விசுவாசத்துக்கு வந்தபின் டர்னர் அந்த நேரம் முழுக்க சைக்கிள் ஷெட்டில் போய் நின்றுகொள்வார். பக்கத்து மெஷின் ஆபரேட்டர் ஒரு பாய். அவரும் அங்கேதான் நிற்பார். எல்லாம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து உள்ளே வருவார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வருடம் வேறு மாதிரி ஆயிற்று. ஒரு லேத்தில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் வேலை செய்வார்கள். டர்னருடைய லேத்தில் இன்னொரு ஷிப்ட் பார்த்த ஆளின் விரல்கள், இரும்பைக் கவ்விச் சுழலும் சக்கில் மாட்டிப் போயின. காயம் ஆறி, அவர் வேலைக்குத் திரும்ப வேண்டிய சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. மெஷின் பக்கம் வரவே அவருக்குப் பயம். மூன்று பேரில் ஒருவன் பொட்டு வைக்காமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று ஷாப்பில் பேச்சு. அந்த ஆள் டர்னரிடம் சண்டைக்குப் போகவில்லை. கட்டுப்போட்ட கையோடு வந்து கேட்டார்.

“அண்ணா, உன் சாமிய ஒன்னும் சொல்லல. ஒரே ஒரு வாட்டி உன் கையால வெச்சிடு. எனக்குப் பயம் தெளியும். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது.”

டர்னர் பொட்டு வைத்தார். நான் பார்த்தேன். அதிகாரிகள் வரிசையிலிருந்து பார்த்தேன்.

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டும். அதிகாரிகளுக்கு அன்று தனி வரிசை. மேனேஜரே தட்டை ஏந்திவந்து ஒவ்வொருவர் நெற்றியிலும் குங்குமம் வைப்பார். நான் ஒவ்வொரு வருடமும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கைகூட கூப்பினேன். பிறகு வாஷ்பேசினில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மரியாதைக்குச் செய்வது என்று எனக்கு நானே ஒரு விளக்கவுரை எழுதி வைத்திருந்தேன். சபையில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் டர்னர். அவர் அந்த நேரத்தில் எப்போதும் சைக்கிள் ஷெட்டில் இருப்பார். விசுவாசத்துக்கு வந்தபின் அன்றுதான் முதல்முறையாக உள்ளே இருந்தார். பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். நான் அவருடைய விரலைப் பார்த்தேன். அதில் குங்குமம் இருந்தது.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் டர்னர் எழுந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். பொரியையும் தின்றேன், பசி என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குள் இருந்த பயம் அப்படியே இறங்கியது. இறங்கிய இடத்தில் சந்தோஷம் ஏறியது. அந்தச் சந்தோஷத்தோடுதான் அடுத்து நடந்ததைச் செய்தேன்.

திருநெல்வேலிக்காரர் எழுந்து, இவர் விழுந்துவிட்டார், இதோ நம் கண்முன்னால், இனியாவது விழ முடியும் என்று ஒத்துக்கொள்ளுங்கள், இவர் மனந்திரும்பட்டும், நாம் தூக்கிவிடுவோம் என்று பேசினார். ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. எத்தனை மாதச் சண்டை! இதற்கு நான் பதில் சொல்லாவிட்டால் என் கட்சி அன்றோடு போயிற்று. என் மனது பாய்ந்து ஓடியது. அடுத்த வாக்கியம் நாக்குக்கு வந்து நின்றபோது, அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று நானே வியந்தேன்.

“பிரதர் இரட்சிப்பை இழந்துவிட்டார்னு இவர் சொல்றார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இழக்கணும்னா அது முதல்ல இருந்திருக்கணும்.”

நான் ஜெயித்துவிட்டேன். திருநெல்வேலிக்காரர் வேதத்தை மூடினார். டர்னர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வரிசையிலிருந்த அவருடைய பிடரிதான் எனக்குத் தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் தலைமுடி ஆடிக்கொண்டிருந்தது.

என் வாதத்தின் கொடுமையை அன்று நான் கவனிக்கவில்லை. திருநெல்வேலிக்காரரின் கணக்கில் டர்னர் விழுந்துபோன சகோதரன். கை கொடுத்தால் எழுந்துவிடுவார். என் கணக்கில் அவர் சகோதரனே இல்லை. ஆற்றில் நாங்கள் பிடித்து முழுக்கியது வெறும் குளியல். இழக்கவே முடியாது என்று அடித்துப் பேசிய நான்தான் ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டேன்.

மூப்பர்கள் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச வாரம் அங்கே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். திருநெல்வேலிக்காரரும் மனம் கசந்து, கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் சிலரோடு தனியாகக் கூட ஆரம்பித்தார். டர்னரைத் தொழிற்சாலையில் தினமும் பார்ப்பேன். ஷாஃப்டை என் மேசைமேல் வைத்து, “பாருங்க சார்” என்பார். நான் அளந்து பார்த்து, சரி என்பேன். அதற்குமேல் பேச்சில்லை. முன்பெல்லாம் ஷாஃப்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வசனத்துக்கு அர்த்தம் கேட்பார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் திருநெல்வேலிக்காரர் எனக்காகக் காத்திருந்தார். சீண்டல் எதுவும் இல்லை. டீயைக்கூட வாங்கிவைத்து ஆறவிட்டிருந்தார்.

“உங்க டர்னர் இப்ப எங்க கூட்டத்துக்குத்தான் வாரான். நாளைக்குக் காலைல பாரூர் வாய்க்கால்ல ஞானஸ்நானம் கொடுக்கோம். புதுசா வந்தவங்களோட இவனும் நிக்கான். மொதல்ல எடுத்தது செல்லாதாம். நீரு சொல்லிட்டீராம்.”

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். சார் படிச்சவரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கான். திரும்பவும் முக்கினா அன்னைக்கு நடந்தது பொய்னு ஆயிரும்லா? அன்னைக்கு ஒரு கைய நீருதான் பிடிச்சீரு. வந்து சொல்லும். பிடிச்சது நெசமா பொய்யான்னு நீரே சொல்லும்.”

நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று அவர் குத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார். டர்னர் அத்தனை பேருக்கு முன்னால் தண்ணீரில் இறங்கி, தன் வாழ்க்கையின் பெரிய சந்தோஷம் ஒரு ஏமாற்று என்று அறிக்கை செய்யப் போகிறார். அப்படிச் செய்ய வைத்தவன் நான். வருகிறேன் என்று சொன்னேன்.

விடியற்காலையில் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் போனால், நெடுஞ்சாலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. ராயக்கோட்டை வழியாகச் சுற்றிப் போகும் வண்டிதான் நின்றிருந்தது. ஏறிவிட்டேன். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. லாரிகளும் மாட்டு வண்டிகளும் கூடைகளும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. பஸ் அசையவில்லை. டிரைவர் தெலுங்கில் ஒரு லாரிக்காரரைத் திட்டினார். லாரிக்காரர் கன்னடத்தில் திருப்பித் திட்டினார். இரண்டு பேரும் தமிழில் சமாதானம் ஆனார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அங்கே கோட்டை மலைமேல் ஏறிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்துப் பதறினேன். அதுவரை நான் ஆண்டவரிடம் விவாதத்தில் ஜெயிக்கத்தான் உதவி கேட்டிருக்கிறேன். அன்றுதான், இந்த மண்டியைக் கொஞ்சம் விலக்கிவிடும் என்று கேட்டேன்.

கிருஷ்ணகிரியில் இறங்கி ஓடி, பாரூர் போகும் டவுன் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு போனேன். பாரூர் ஏரி நிரம்பியிருந்தது. இறங்கி, வாய்க்கால் கரையில் கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பாட்டுச் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தால் முழுக்கு. பாட்டு முடியக் கூடாதே என்று ஓடினேன். சேற்றில் வழுக்கி ஒரு முழங்கால் ஊன்றி எழுந்தேன்.

வாய்க்கால் அகலமான இடத்தில் மற்றவர்கள் முழுக்கு எடுத்து ஈரத்தோடு கரையில் நின்றார்கள். திருநெல்வேலிக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். டர்னர் வெள்ளை வேட்டி சட்டையோடு முழங்கால் ஆழத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி துண்டோடு கரையில் இருந்தார்.

நான் கத்தினேன். “பிரதர், நில்லுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். கையில் செருப்பும் முழங்காலில் சேறுமாக நின்ற என்னைப் பார்த்து டர்னரின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

“என்னா சார், இன்னிக்கும் இன்ஸ்பெக்‌ஷனா?”

எனக்கு மூச்சு வாங்கியது. விளக்கவுரை எதுவும் வரவில்லை. நேராகச் சொன்னேன். அன்று பூஜையில் என் நெற்றியிலும் பொட்டு இருந்தது, ஒவ்வொரு வருடமும் இருந்தது, வேலைக்குப் பயந்துகூட அல்ல, வரிசையில் நான் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காக வாங்கிக்கொண்டேன், அதைத் துடைத்துவிட்டு வந்து உங்களைப் பேசினேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்.

“தெரியும் சார்” என்றார் டர்னர். “பாத்தேன்.”

“அப்ப ஏன் சபையில சொல்லல?”

“சொன்னா உங்களையும் பின்னாடி உக்கார வெச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் அங்க உக்காந்து என்னா பண்றது? நீங்களாவது உள்ள இருந்தா, என்னிக்காவது என்ன உள்ள கூப்புடுவீங்கன்னு நெனச்சேன்.”

நான் அழுதேனா என்று நினைவில்லை. தண்ணீரில் நின்றபடியே அவர் அடுத்ததைக் கேட்டது நினைவிருக்கிறது. குரலில் விளையாட்டு இல்லை.

“ஒன்னு மட்டும் சொல்லுங்க சார். ஆத்துல என் கையப் புடிச்சீங்களே, அது ஞானஸ்நானமா, குளியலா?”

“ஞானஸ்நானம்தான்.”

“அன்னிக்கு நான் ஆண்டவரோட புள்ள?”

“ஆமா.”

“பொட்டு வெச்சப்ப?”

“அப்பவும்தான். நான் பொய் சொல்லிட்டேன்.”

தண்ணீரில் நின்ற திருநெல்வேலிக்காரர் தொண்டையைச் செருமினார். “பொட்டு வச்சப்ப எப்படிங்கதுல எனக்கு வேற அபிப்பிராயம் இருக்கு. அத அப்புறமாப் பேசிக்கிடுவோம். இப்ப அவன மேல ஏறச் சொல்லும். எனக்குக் கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு.”

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டர்னர் தண்ணீரைப் பார்த்தார். நடு வாய்க்காலுக்கு இன்னும் ஓரிரு அடிதான். பிறகு திரும்பி, நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு மேலே ஏறினார். மனைவி துண்டை நீட்டினார். தலை நனையாததால் அது அவருக்குத் தேவைப்படவில்லை. என் முழங்காலைக் காட்டி, சாருக்குக் கொடு என்றார்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில் கிருஷ்ணகிரிவரை வந்தோம், டர்னரின் மனைவி பெண்கள் பக்கம், நாங்கள் மூன்று பேரும் ஒரே சீட்டில். ஏறினது முதல் இறங்குகிறவரை திருநெல்வேலிக்காரரும் நானும் இழக்கலாமா முடியாதா என்று சண்டை போட்டோம். இப்போதும் என் கட்சி மாறவில்லை. மேய்ப்பன் கையை விடுவதில்லை என்றுதான் இந்த வயதிலும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கைக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பிரித்து வைக்கும் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. தொழிற்சாலை வேலையை நானாகச் சபைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நடுவில் உட்கார்ந்திருந்த டர்னர் எங்கள் சத்தத்திலும் நன்றாகத் தூங்கினார்.

அந்த வாரமே மூப்பர்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வயதில் மூத்தவர் வெகுநேரம் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். டர்னரைப் பந்தியில் திரும்பச் சேர்ப்பது என்றும் என்னைச் சில மாதம் விலக்கி வைப்பது என்றும் முடிவாயிற்று. நான் எதிர்க்கவில்லை. எதிர்க்க வசனம் தேடவுமில்லை. டர்னரிடம் நானே போய்ச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இத்தனை முதுகுகள் இருந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பாட்டு முடிந்தது. தட்டு புறப்பட்டது. முதல் வரிசையில் டர்னர் இரண்டு கையாலும் தட்டை வாங்கி, ஒரு துண்டைப் பிட்டு, தலையைக் குனிந்து வெகுநேரம் அப்படியே இருந்தார். தட்டுக்காகப் பக்கத்தில் இருந்தவர் காத்திருந்தார். பிறகு அது வரிசை வரிசையாகப் பின்னால் வந்து, எனக்கு முந்தின வரிசையில் நின்று, திரும்பிப் போயிற்று. கைக்கெட்டும் தூரம். நான் எதையும் இழந்துவிடவில்லை என்று என் கட்சி சொன்னது. ஆனாலும் என் கை தானாக நீண்டு, மடிக்குத் திரும்பியது. இதே இடத்தில் வாரக்கணக்காக அவர் இருந்திருக்கிறார், நீ ஒருபோதும் பிள்ளையாக இருந்ததில்லை என்ற என் சொல்லையும் சுமந்துகொண்டு.

கிண்ணமும் போய்த் திரும்பியது. அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது முதல் வரிசையிலிருந்து டர்னர் நடந்து வந்தார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் வந்து நின்று, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் தெரியும்படி பிடித்தார்.

“கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் தள்ளுங்க சார்” என்றார் மெதுவாக. “இந்த எடத்துக்கு ஃபேன் காத்து வராது. எனக்குத் தெரியும்.”

நான் தள்ளி நின்றேன். அவரும் நின்றார். பாட்டு தமிழ்ச் சரணம் முடிந்து தெலுங்குக்குப் போயிருந்தது. எனக்கு அந்தச் சரணம் தெரியாது. அவர் பாடப் பாட நானும் கூடவே பாடினேன்.